கெட் கார்ட்டர் (1971) அப்போ ஓடுச்சா ஓடலையா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க

இரவுக்காட்சி:

வணக்கம் மக்களே. போன சனிக்கிழமை ராத்திரி தூக்கம் வராம கெட் கார்ட்டர் போட்டேன். ஸ்டாலோன் நடிச்சது இல்ல, ஒரிஜினல், மைக்கேல் கெய்ன் நடிச்சது. லண்டன்ல ரவுடிகளுக்கு வேலை பாக்கற ஒருத்தன், அண்ணன் செத்துட்டான்னு சொந்த ஊர் நியூகாஸலுக்கு ரயில் ஏறி வர்றான், குடிச்சுட்டு காரை ஓட்டி செத்தான்னு ஊரே சொல்லுது, இவன் நம்பலை, நோண்ட ஆரம்பிக்கறான். கதைன்னு பாத்தா அவ்வளவு தான், ஆனா படம் முடிஞ்சப்புறம் டிவியை அணைக்கக்கூட தோணாம அப்படியே உக்காந்திருந்தேன்.

சரி யாரு என்ன எழுதிருக்காங்கன்னு தேடிப் பாத்தா ஒரே குழப்பம். ஒரு இடத்துல "வந்தப்போ விமர்சகர்கள் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க, படம் படுத்துருச்சு"ன்னு போட்டிருக்கு. இன்னொரு இடத்துல பிரிட்டிஷ் படத்துலயே இது தான் நம்பர் ஒன்னு. மூணாவது ஆளு ஓரளவு ஓடுச்சுங்கறாரு. எது நிஜம்? அப்போ படுத்த படம்னா எப்படி இவ்வளவு பெரிய பேர் வந்துச்சு? விமர்சகர்கள் நிஜமாவே திட்டினாங்களா, இல்ல "அன்னைக்கு யாருக்கும் புரியலை, இன்னைக்கு நமக்குப் புரியுது"ன்னு நாம எல்லா பழைய படத்துக்கும் சொல்ற வழக்கமான கதையா இது?

படம் பாத்துட்டேன், அதனால முடிவைப் பத்தி தாராளமா பேசலாம். பாக்காதவங்க இதோட திரும்பிப் போயிருங்க.

பழையரீல்:

தம்பி, மூணு பேரும் சொல்றது உண்மை தான், ஆனா ஒவ்வொருத்தரும் வேற வேற ஊர் கணக்கைச் சொல்றாங்க, அதான் உங்களுக்குக் குழப்பம்.

முதல்ல பிரிட்டன். 1971 மார்ச்ல வந்துச்சு, எக்ஸ் சர்ட்டிஃபிகேட், அந்த சர்ட்டிஃபிகேட்டுக்கு வயசு வரம்பை 16லேந்து 18க்கு ஏத்தி அப்போ ஒரு வருஷம் கூட ஆகலை, ஸோ சின்னப் பசங்க கூட்டம் அப்படியே கட். அதுக்கும் மேல அந்தக் காலத்துல அங்க சினிமாவே படுத்த படுக்கையா கிடந்துச்சு, 1946ல வருஷத்துக்கு 160 கோடி டிக்கெட்டுக்கு மேல வித்த நாடு, 1971ல 20 கோடி கூட தேறலை, எல்லாரும் வீட்ல டிவி முன்னாடி உக்காந்துட்டாங்க. இந்த நிலைமையில வந்து, சின்ன பட்ஜெட்ல, ஏழரை லட்சம் டாலர்னு சொல்வாங்க, எடுத்த படம் இது. அதுக்கு வந்த கூட்டம் கௌரவமான கூட்டம் தான். கெய்ன் அப்போ பெரிய ஸ்டார், ஆல்ஃபி, இட்டாலியன் ஜாப் எல்லாம் முடிச்சுட்டு வந்த ஆளு, அவர் முகத்துக்காகவே உள்ள வருவாங்க. ஸோ பிரிட்டன்ல படுத்துச்சுன்னு சொல்றது தப்பு, வெள்ளிவிழா கொண்டாடுச்சுன்னு சொல்றதும் தப்பு.

அமெரிக்காவுல தான் செத்துச்சு. அது படத்தோட குத்தம் இல்ல, எம்ஜிஎம் கம்பெனியோட குத்தம். அந்த நேரத்துல எம்ஜிஎம் பணமுடையில தத்தளிச்சுக்கிட்டிருந்துச்சு, ஜேம்ஸ் ஆப்ரேன்னு ஒரு புது தலைவர் வந்து கண்ல பட்டதையெல்லாம் விக்கறார், பிரிட்டன்ல போர்ஹம்வுட்ல இருந்த அவங்க பெரிய ஸ்டுடியோவையே 1970ல இழுத்து மூடிட்டாங்க, அதே வருஷம் கோடையில தான் இந்தப் படத்தோட ஷூட்டிங். வீடு இடியற நேரத்துல பொறந்த குழந்தையை யாரு எடுத்துக் கொஞ்சுவாங்க? அமெரிக்காவுல என்ன பண்ணாங்கன்னா, ஆரம்பத்துல லண்டன் ரவுடிங்க பேசற சீன் அங்கத்த ஜனங்களுக்குப் புரியாதுன்னு வேற குரல்ல டப் பண்ணாங்க, அப்புறம் டர்ட்டி டிங்கஸ் மகீன்னு ஃப்ராங்க் சினாட்ரா நடிச்ச காமெடி வெஸ்டர்ன் கூட ஒட்டி, ஒரே டிக்கெட்ல ரெண்டு படம்னு, கார்ல உக்காந்து பாக்கற ட்ரைவ்-இன் தியேட்டருக்குத் தள்ளிவிட்டாங்க. சினாட்ரா காமெடிக்கு வந்தவன் கார்ட்டர் ஒருத்தியைக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய் ஊசி போட்டுக் கொல்றதைப் பாத்தா என்ன நினைப்பான் சொல்லுங்க.

இதுல சிரிப்பு என்னன்னா, தூக்கிப் போட்ட அதே கம்பெனி மறு வருஷமே அதே கதையை கறுப்பின நடிகர்களை வெச்சு ஹிட் மேன்னு லாஸ் ஏஞ்சலஸ்ல மறுபடி எடுத்துச்சு. பெர்னி கேஸி, பாம் க்ரியர் நடிச்சது. அவங்க கையில என்ன இருக்குன்னு அவங்களுக்கே தெரியலை.

விமர்சகர்களைப் பத்தி அப்புறம் எழுதறேன், கை வலிக்குது.

சும்மாபாக்கறேன்:

நான் நாப்பது நிமிஷத்துல ஆஃப் பண்ணிட்டேன். யாரு யாருக்கு என்ன வேணும், இந்த எரிக் யாரு, கின்னியர் யாரு, ப்ரம்பி யாரு, ஒரு மண்ணும் புரியலை. எல்லாரும் கோட்டைப் போட்டுக்கிட்டு முறைச்சுக்கிட்டு நிக்கறாங்க. இதுக்கு நம்பர் ஒன்னா.

இரவுக்காட்சி:

@சும்மாபாக்கறேன் சப்டைட்டில் போட்டு ஒரு தடவை பாருங்க ப்ரோ, முதல் தடவை எனக்கும் பாதி பேர் மண்டையில நிக்கலை. ஆனா அது வேணும்னே பண்ணிருக்காங்கன்னு நினைக்கறேன், கார்ட்டருக்கே யாரு பண்ணதுன்னு தெரியாது, அவனுக்குத் தெரியற அளவு தான் நமக்கும் தெரியும்.

@பழையரீல் அண்ணே அருமை, நன்றி. ட்ரைவ்-இன் மேட்டர் எனக்குத் தெரியவே தெரியாது. விமர்சகர் பக்கம் சீக்கிரம் எழுதுங்க, அது தான் என் மெயின் கேள்வியே.

பழையரீல்:

எழுதறேன் எழுதறேன்.

திட்டினாங்களான்னா, திட்டு பாராட்டு ரெண்டும் கலந்து தான் வந்துச்சு, நிறைய பேர் ஒரே கட்டுரையில ரெண்டையும் பண்ணாங்க. அப்செர்வர் பத்திரிகையில ஜார்ஜ் மெல்லி எழுதினது தான் பிரபலம், காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு பாட்டில் ஜின்னை தண்ணி கலக்காம குடிச்ச மாதிரி இருக்கு இந்தப் படம், போதை ஏறுது ஆனா உடம்புக்கு ஆகாதுன்னு அர்த்தம் வர்ற மாதிரி எழுதினார். இது திட்டா பாராட்டா? அதான் அன்னைக்கு மொத்த மனநிலையே. நல்லா எடுத்திருக்கான்னு ஒத்துக்கிறாங்க, ஆனா நல்லா எடுத்திருக்கறதே அவங்களுக்கு சங்கடமா இருக்கு. மோசமா எடுத்திருந்தா ஒரு பத்தியில குப்பைன்னு எழுதிட்டுப் போயிருப்பாங்க. அமெரிக்காவுல பாலின் கேல் கூட அதே ரூட்டு தான், இதுல இருக்கற திட்டம் போட்ட குளிர்ச்சியையும் குரூரத்தையும் பாத்துட்டு ஏதோ புது யுகமே ஆரம்பிக்குதுங்கற மாதிரி எழுதினாங்க.

எதுக்கு இவ்வளவு சங்கடம்னா, அதுக்கு முன்னாடி பிரிட்டிஷ் படத்துல ரவுடின்னா ஒண்ணு முட்டாளா இருப்பான், இல்ல காமெடியனா இருப்பான். கெய்னே இதைச் சொல்லிருக்கார், அவர் வளந்த தெற்கு லண்டன் பக்கத்துல நிஜ ரவுடிங்களைப் பாத்தவர், அவங்க முட்டாளும் இல்ல காமெடியும் இல்லன்னு. லண்டன் ரவுடிங்க க்ரே சகோதரர்கள் கேஸ்ல தீர்ப்பு வந்து அப்போ ரெண்டு வருஷம் தான் ஆச்சு, ஜனங்க பேப்பர்ல படிச்சு முடிச்ச கையோட இந்தப் படம் வருது. கார்ட்டர் கத்தமாட்டான், குத்துறப்போ கூட மூஞ்சில ஒண்ணும் தெரியாது, கொன்னுட்டு அடுத்த வேலைக்குப் போவான். அந்த மூஞ்சி தான் விமர்சகர்களுக்குப் பிடிக்கலை. ரத்தம் அதிகம்னு திட்டினாங்கன்னு சொல்வாங்க, போய் பாருங்க, ரத்தம் ரொம்ப கம்மி.

விருதுன்னு பாத்தா இயான் ஹென்ட்ரிக்கு பாஃப்டா துணை நடிகர் நாமினேஷன், எரிக்கா வர்றாரே, அவர். ப்ளாக் கண்ணாடியைக் கழட்டினதும் கார்ட்டர் அவர் கண்ணைப் பத்தி சொல்ற வரி ஒண்ணு போதும்.

இன்னொண்ணு, போஸ்டர். பிரிட்டன் போஸ்டரை வரைஞ்சது ஆர்னால்டோ புட்ஸூ, இத்தாலிக்காரர், கேரி ஆன் காமெடிப் படங்களுக்கெல்லாம் வரைஞ்சவர். அதுல கெய்னுக்கு கலர் கலரா பூப்போட்ட கோட்டு மாட்டி விட்டுட்டார். படம் முழுக்க அந்த மனுஷன் இருட்டு கலர் சூட்ல சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி திரியறான். விக்கறவனுக்கே என்ன விக்கறோம்னு தெரியலைன்னா பாருங்க.

டைன்கரை:

நான் கேட்ஸ்ஹெட்ல தான் இருக்கேன், நியூகாஸலுக்கு ஆத்துக்கு இந்தப் பக்கம், பதினஞ்சு வருஷம் ஆச்சு. இந்தத் த்ரெட்டை விட்டுட்டுப் போக மனசு வரலை.

இந்த ஊர்க்காரங்க கிட்ட கெட் கார்ட்டர் பத்தி பேச ஆரம்பிச்சீங்கன்னா படத்தோட கதையைச் சொல்லமாட்டாங்க, எந்தத் தெருல எந்த சீன்னு தான் சொல்வாங்க. எங்க ஆபீஸ்ல ஒரு பெரியவர், அவங்க அப்பா குதிரைப் பந்தய சீன்ல கூட்டத்துல நிக்கறாருன்னு இன்னமும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கார், நானே நாலு தடவை கேட்டாச்சு. கதை நடக்கற ஊர் நாவல்ல நியூகாஸலே இல்ல, டெட் லூயிஸ் எழுதின ஜாக்ஸ் ரிட்டர்ன் ஹோம்ல பேர் சொல்லாத ஒரு ஸ்டீல் ஊர், ஸ்கன்தார்ப்னு எல்லாரும் எடுத்துக்கிறாங்க. டைரக்டர் மைக் ஹாட்ஜஸ் தான் இங்க மாத்தினார், அவர் இளவயசுல கட்டாய ராணுவ சேவையில கப்பற்படையில இருந்தப்போ இந்தப் பக்கத்து துறைமுகங்களைப் பாத்திருக்கார், அந்த அழுக்கும் ஏழ்மையும் மனசுல தங்கிருச்சு. அதுக்கு முன்னாடி டிவியில வேர்ல்ட் இன் ஆக்‌ஷன்ங்கற நியூஸ் டாக்குமென்டரி ப்ரோக்ராம்ல வேலை பாத்தவர், கேமராமேன் வுல்ஃப்காங் சுஷிட்ஸ்கியும் வியன்னாலேந்து வந்த டாக்குமென்டரி ஆளு. அதான் பப்ல உக்காந்திருக்கற கிழவங்க மூஞ்சியெல்லாம் அப்படி நிஜமா இருக்கு, நடிகர்கள் இல்ல, நிஜ ஆளுங்க.

படத்துல ஊர் ரவுடித் தலைவன் கின்னியரோட வீடா வர்றதே ட்ரைடர்டேல் ஹால், அது சும்மா அழகுக்காக பிடிச்ச லொக்கேஷன் இல்ல. 1967ல இந்தப் பக்கம் ஒரு கொலை நடந்துச்சு, க்ளப்ல வைக்கற சூதாட்ட மெஷின் பிசினஸ்ல இருந்த ஒருத்தரை கார்ல சுட்டுப் போட்டாங்க, ஒன்-ஆர்ம்ட் பேண்டிட் கொலைன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். அந்த பிசினஸ் கூட சம்பந்தப்பட்டவர் கையில இருந்த வீடு தான் அது. ஹாட்ஜஸ் ஸ்க்ரிப்ட் எழுதறதுக்கு முன்னாடி அந்தக் கேஸை நல்லா விசாரிச்சு வெச்சிருந்தார். அதனால இங்க பாத்தவங்களுக்கு இது வெறும் கதையா தெரிஞ்சிருக்காது.

அப்புறம் கார் பார்க். பிசினஸ்காரன் ப்ரம்பியை கார்ட்டர் மேலேந்து தள்ளிவிடற இடம், ட்ரினிட்டி ஸ்கொயர். 1967ல திறந்தாங்க, அச்சு அசல் வெறும் கான்க்ரீட், படத்துல ப்ரம்பி மேல ரெஸ்டாரன்ட் வைக்கப் போறேன்னு பீத்திக்கிறானே, நிஜத்துலயும் மேல ரெஸ்டாரன்டுக்குன்னு தான் கட்டினாங்க, கடைசி வரைக்கும் ஒரு காபி கூட அங்க யாரும் குடிக்கலை. பில்டிங் கட்டறவன் எல்லாம் திருடன்ங்கற மாதிரி 1971ல காட்டினப்போ கொஞ்சம் ஓவர்னு தோணிருக்கலாம், மூணே வருஷத்துல, 1974ல, பௌல்சன்ங்கற ஆர்க்கிடெக்ட்டோட லஞ்ச கேஸ்ல நியூகாஸல் கவுன்சிலோட பழைய தலைவர் டி. டான் ஸ்மித்தே ஜெயிலுக்குப் போனார். அந்த கார் பார்க்கை காப்பாத்தணும்னு படத்தோட ரசிகர்கள் என்னென்னமோ பண்ணிப் பாத்தாங்க, 2010ல இடிச்சுட்டாங்க. இடிச்ச கான்க்ரீட் துண்டை டப்பால போட்டு கவுன்சில் 5 பவுண்டுக்கு வித்துச்சு. நான் வாங்கலை, இன்னைக்கு வரைக்கும் வருத்தம் தான்.

இப்போ அந்த இடத்துல ஒரு ஷாப்பிங் சென்டர். அதைப் பத்தி எழுத ஒண்ணும் இல்ல.

தாளக்கட்டு:

ம்யூசிக் பத்தி யாருமே பேசலையே. ராய் பட். மொத்த பேக்ரவுண்ட் ஸ்கோருக்கும் 450 பவுண்டு பட்ஜெட்னு சொல்வாங்க, அதனால ஆர்கெஸ்ட்ரா எல்லாம் கிடையாது, அவரும் ரெண்டு மூணு பேரும். ரயில்ல வர்ற அந்த தீம்ல ஹார்ப்சிகார்டும் எலெக்ட்ரிக் பியானோவும் அவரே ஒரே நேரத்துல வாசிச்சிருக்கார், கீழ டபுள் பேஸ், அப்புறம் கூர்ந்து கேளுங்க, தபலா. க்றிஸ் காரன் வாசிச்சது. நியூகாஸல் ரவுடிக்கு தபலா எதுக்குன்னு கேக்கத் தோணும், ஆனா தண்டவாளத்து சத்தத்தோட சேந்து வர்றப்போ வேற எதுவும் அங்க உக்காராது.

இதையும் உங்க கேள்வியோட சேத்துக்கங்க. படத்தை மறந்துட்டாங்கன்னு சொல்ற காலத்துலயே, 1981ல, ஹ்யூமன் லீக் பேண்டு அவங்க டேர் ஆல்பத்துல இந்த தீமை சின்தசைசர்ல வாசிச்சுப் போட்டாங்க. அந்த ஆல்பம் பிரிட்டன்ல நம்பர் ஒன். படம் பாக்காதவன் காதுக்குள்ளயும் கார்ட்டர் போய்ட்டான்.

மல்லிகா_ஆர்:

எல்லாரும் ரசிச்சு எழுதறீங்க, படிக்க நல்லா இருக்கு, எனக்கும் படம் பிடிக்கும். ஆனா "அன்னைக்கு விமர்சகர்களுக்கு மூஞ்சி தான் பிடிக்கலை"ன்னு பழையரீல் சார் சொல்றது பாதி தான். படத்துல பொம்பளைங்களுக்கு என்ன நடக்குதுன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. கின்னியரோட வைப்பாட்டி க்ளெண்டா கார் டிக்கில பூட்டி வெச்சபடியே ஆத்துல போறா, உள்ள ஆள் இருக்குன்னு கார்ட்டருக்குத் தெரியும், பாத்துக்கிட்டே நிக்கறான், கண்ணுல ஒண்ணும் இல்ல. அண்ணனோட பழகின மார்கரெட்டை அவனே கொல்றான். ப்ரிட் எக்லண்ட் பேரை போஸ்டர்ல பெருசா போட்டுட்டு படத்துல அவங்களுக்கு ஒரு ஃபோன் கால், அவ்வளவு தான். அன்னைக்கு சங்கடப்பட்டவங்க எல்லாரும் பழமைவாதிங்க இல்ல, சில பேருக்கு நியாயமான காரணம் இருந்துச்சு.

அதே நேரம் படம் அதை கொண்டாடுதுன்னும் நான் சொல்லமாட்டேன். அந்த ப்ளூ ஃபிலிமை கார்ட்டர் படுக்கைல உக்காந்து ப்ரொஜெக்டர்ல பாக்கற சீன், முதல்ல சாதாரணமா பாக்கறான், அடுத்தவன் வீட்டுப் பொண்ணுன்னா அவனுக்கு அது பொழுதுபோக்கு, அப்புறம் அது அண்ணன் பொண்ணு டோரீன்னு தெரிஞ்சதும் சத்தம் இல்லாம அழறான். அவன் வேலை பாக்கற லண்டன் முதலாளிங்க தொழிலும் அதே தான். இவன் சம்பளத்துல அந்தக் காசும் இருக்கு. அந்த அழுகையில கோவம் எவ்வளவு, குத்த உணர்ச்சி எவ்வளவுன்னு கெய்ன் நமக்கு சொல்லவே இல்ல.

ஆனா 90கள்ல படத்துக்கு மறுவாழ்வு குடுத்தவங்க இந்த சீனுக்காகவா குடுத்தாங்க? லோடட் மாதிரி ஆம்பளைங்க பத்திரிகை வந்த காலம் அது, 1994ல ஆரம்பிச்சது, அவங்களுக்கு கார்ட்டர்னா சூட்டு, துப்பாக்கி, "நீ பெரிய உடம்புக்காரன் தான், ஆனா உடம்பு சரியில்ல, எனக்கு இது முழுநேர வேலை"ங்கற மாதிரி வசனம், பப்ல மெல்லிசு க்ளாஸ்ல ஊத்துன்னு விரலைச் சொடுக்கறது. டீ-ஷர்ட் ஹீரோ ஆக்கிட்டாங்க. அவன் ஒரு அழுகின ஆளுன்னு படமே சொல்லுது, அதை மட்டும் கழட்டி வெச்சுட்டு ஸ்டைலை எடுத்துக்கிட்டாங்க. 1971ல திட்டினவங்க படத்தை ஒழுங்கா பாத்துட்டுத் திட்டினாங்க, 90கள்ல கொண்டாடினவங்க பாதி பேர் பாக்காம கொண்டாடினாங்கன்னு தான் எனக்குத் தோணுது.

பழையரீல்:

மல்லிகா மேடம், க்ளெண்டா விஷயத்துல ஒத்துக்கறேன், நான் மூஞ்சின்னு சொன்னது அந்த மூஞ்சி தான், ஆத்தங்கரைல நின்னு பாக்கற மூஞ்சி. சரியா எழுதலை.

ஆனா 90கள் முழுக்க பத்திரிகைக்காரங்க வேலைன்னு விட்டுராதீங்க. ஒரு பக்கம் டாரன்டீனோ, கை ரிச்சி மாதிரி டைரக்டருங்க இதைப் பத்தி பேசினாங்க, இன்னொரு பக்கம் 1999ல பிஎஃப்ஐ, அதாவது பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட், புது ப்ரின்ட் போட்டு தியேட்டர்ல விட்டாங்க, அதே வருஷம் அவங்க எடுத்த நூறு சிறந்த பிரிட்டிஷ் படங்கள் ஓட்டுல 16வது இடம். முதல் இடம் தேர்ட் மேன், அதுவும் க்ரைம் படம் தான், கவனிங்க. 2004ல டோட்டல் ஃபிலிம் பத்திரிகை தான் இதை நம்பர் ஒன்னு போட்டது, இரவுக்காட்சி தம்பி படிச்ச நம்பர் ஒன் அனேகமா அது தான். ஸோ நம்பர் ஒன்னும் ஒரு பத்திரிகை கணக்கு, 16ம் ஒரு ஓட்டுக் கணக்கு, அதுக்கு மேல அதுக்கு அர்த்தம் இல்ல.

நிஜமாவே விமர்சகர்கள் கொன்ன படம் எதுன்னு பாக்கணும்னா பீப்பிங் டாம் பாருங்க, 1960, மைக்கேல் பவல். சாக்கடையில தள்ளி தண்ணி ஊத்தணும்ங்கற அளவுக்கு டெரெக் ஹில்னு ஒருத்தர் எழுதினார். படத்தை வேகமா தூக்கினாங்க, பவல் மாதிரி ஒரு பெரிய டைரக்டருக்கு அதுக்கப்புறம் பிரிட்டன்ல சரியான வாய்ப்பே வரலை. ஸ்கார்சீஸி பத்தொன்பது வருஷம் கழிச்சு நியூயார்க் விழாவுல போட வெச்சு தான் மறுபடி வெளிச்சம் வந்துச்சு. அதுக்கு நேரெதிர், 1948ல நோ ஆர்க்கிட்ஸ் ஃபார் மிஸ் ப்ளாண்டிஷ், பத்திரிகை மொத்தமும் காறித் துப்புச்சு, கூட்டம் அலைமோதுச்சு. கார்ட்டர் இந்த ரெண்டுலயும் சேராது. யாரும் கொல்லலை, யாரும் தலையில தூக்கி வெச்சுக்கவும் இல்ல, வந்துச்சு, ஓரளவு ஓடுச்சு, அப்புறம் டிவி, அப்புறம் வீடியோன்னு மெதுவா பரவுச்சு. ஆனா "திட்டின படம் ஜெயிச்சுச்சு"ன்னா கதை ருசியா இருக்கு, அதான் எல்லாரும் அப்படி எழுதறாங்க.

அதே வருஷம் வில்லன்னு ஒரு படம், ரிச்சர்ட் பர்ட்டன் லண்டன் ரவுடியா நடிச்சது, பேரைப் பாத்தா அது தான் பெரிய படம், இன்னைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? நல்ல படம் தான், ஆனா அதுல பர்ட்டன் நடிக்கறது தெரியும். கெய்ன் நடிக்கறது தெரியாது.

சும்மாபாக்கறேன்:

ஸ்டாலோன் படமும் இதே கதை தானே? அது நல்லா இருந்துச்சேன்னு ஞாபகம்.

பழையரீல்:

2000ல வந்தது. சியாட்டில்ல எடுத்தாங்க, கெய்னே அதுல ப்ரம்பியா வந்து தலையைக் காட்டினார். போட்ட பணத்துல பாதி கூட தியேட்டர்லேந்து திரும்பலை. மேல எதுவும் சொல்லி உங்க நல்ல ஞாபகத்தைக் கெடுக்க விரும்பலை.

டைன்கரை:

ஹாஹா. ஹாட்ஜஸ் பத்தி ஒண்ணு சேக்கறேன், உங்க கேள்விக்கும் பொருந்தும். 1998ல அவர் க்ரூப்பியர்னு ஒரு படம் எடுத்தார், க்ளைவ் ஓவன் நடிச்சது, லண்டன் சூதாட்ட க்ளப் கதை. பிரிட்டன்ல அதை யாரும் சீந்தலை. 2000ல அமெரிக்காவுல விமர்சகர்கள் தூக்கிப் பிடிச்சாங்க, அங்க நல்லா ஓடுச்சு, அதுக்கப்புறம் தான் இங்க வெக்கப்பட்டு மறுபடி ரிலீஸ் பண்ணாங்க. கார்ட்டருக்கு நடந்ததை அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி. முதல் படத்தை அமெரிக்காக்காரன் கோட்டை விட்டான், இதை இங்கத்தவன் கோட்டை விட்டான், நடுவுல அந்த மனுஷனுக்கு வயசாகிப் போச்சு. 2022 டிசம்பர்ல தொண்ணூறு வயசுல போய்ச் சேந்தார், அதே வருஷம் தான் பிஎஃப்ஐ 4கேல சரி பண்ணின கார்ட்டரை தியேட்டர்ல விட்டுச்சு. அதை அவர் உயிரோட இருக்கறப்போ பாத்துட்டார், அது வரைக்கும் சந்தோஷம்.

டெட் லூயிஸுக்கு அது கூட கிடைக்கலை. நாவல் 1970, சாவு 1982, வயசு 42. யெல்லோ சப்மரீன் கார்ட்டூன் படத்துல அனிமேஷன் க்ளீனப் பாத்த மனுஷன்னு சொன்னா நம்பமாட்டீங்க, பீட்டில்ஸ் கலர் கலரா பாடற படத்துல வேலை பாத்துட்டு வந்து இந்த இருட்டை எழுதிருக்கார்.

இரவுக்காட்சி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கலை. மல்லிகா மேடம் சொன்னதுக்கப்புறம் அந்த ப்ரொஜெக்டர் சீனுக்காக நேத்து மறுபடி பாத்தேன். முதல் தடவை நான் அதை வெறும் கோவம்னு தான் எடுத்துக்கிட்டேன், இந்தத் தடவை டோரீன் வர்றதுக்கு முன்னாடி அவன் மூஞ்சில இருக்கற அந்த லேசான சிரிப்பைப் பாத்து எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு.

தாளக்கட்டு சொன்ன தபலாவுக்காக ரயில் சீனையும் ஹெட்ஃபோன் போட்டு ரெண்டு தடவை கேட்டேன். கேக்கறப்போ கண்ணு சும்மா இருக்குமா, பெட்டிக்குள்ள பாத்தேன். கார்ட்டர் ஜன்னலோரம் உக்காந்து புத்தகம் படிக்கறான், அதே பெட்டியில ஓரமா இன்னொரு ஆளு, யாரும் கவனிக்க மாட்டாங்க. அவன் விரல்ல ஒரு மோதிரம், மேல 'ஜே'ன்னு ஒரு இங்கிலீஷ் எழுத்து. கடைசி சீனுக்கு ஓட்டிப் போய் பாஸ் பண்ணேன். நிலக்கரிக் கழிவை வாளி வாளியா கடல்ல கொட்டற அந்த கறுப்பு பீச், தூரத்துல கார்ட்டரைச் சுட துப்பாக்கியோட படுத்திருக்கறவன் கை. அதே மோதிரம்.

அப்போ லண்டன்லேந்தே கூட வர்றானா இவன்??

டைன்கரை:

ஆமா. அந்த பீச் ப்ளாக்ஹால், இப்போ வாளி எல்லாம் இல்ல, சுத்தம் பண்ணிட்டாங்க, போய் நின்னா எந்த இடம்னே தெரியாது.

மல்லிகா_ஆர்:

எத்தனை தடவை பாத்திருக்கேன், இந்த மோதிரம் என் கண்ல படவே இல்ல. இன்னைக்கு ராத்திரி மறுபடி போட்டாச்சு.